வேம்பின் கசப்புக்கு ஒரு பெயர் உண்டு: அதை நம் பிள்ளைகள் அறிவார்களா?

மியூனிக் நகரின் நடுவே ஓடும் இசார் ஆற்றின் கரையில், எஃகும் கண்ணாடியுமாய் உயர்ந்து நிற்கும் கட்டடம் ஒன்று உண்டு. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அது. வேம்பு தொடர்பாக அமெரிக்க நிறுவனமொன்றும் அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறையும் சேர்ந்து பெற்றிருந்த காப்புரிமை, 2000 ஆம் ஆண்டு மே 10 அன்று அங்கேதான் நீக்கப்பட்டது. நம் தமிழ் விழா மேடைகளில் இச்செய்தி சொல்லப்படும்போதெல்லாம் அரங்கம் கரவொலியால் அதிரும். நானும் கைதட்டியவன்தான். ஒருமுறை மேடையேறி அதைப் பெருமையுடன் பேசியவனும்கூட.

ஆனால், அதே நகரின் மருத்துவமனை ஒன்றில், 2011 ஆம் ஆண்டின் குளிர்கால இரவொன்றில், வேம்பைப் பற்றி என்னிடம் மூன்று எளிய கேள்விகள் கேட்கப்பட்டன. அவற்றுள் ஒன்றுக்கும் என்னிடம் விடை இல்லை.

எங்கள் மகளுக்கு அப்போது மூன்று மாதம். பேத்தியைப் பார்க்க ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். குழந்தைக்குச் சளி பிடித்து இருமல் நிற்காததைக் கண்டு, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த வேப்பெண்ணெயைச் சங்கில் ஊற்றிப் புகட்டினார். செக்கில் ஆட்டிய எண்ணெய். பெயர்ச்சீட்டு ஏதும் இல்லாத புட்டி. ஊரில் அம்மா கண்டிருந்த வழக்கம், விரல் நுனியால் தொட்டுக் குழந்தையின் நாவில் தடவுவது. அன்று இருமல் அதிகம் என்பதால் அளவும் அதிகமானது. நான் அருகில்தான் நின்றேன், தடுக்கவில்லை. சில மணி நேரத்தில் குழந்தை வாந்தி எடுத்தது. பின்பு கண்களைத் திறக்கவே இயலாதபடி சோர்ந்து கிடந்தது.

மருத்துவமனையில் பணியிலிருந்த பெண் மருத்துவர் கேட்டார்: “என்ன கொடுத்தீர்கள்? எவ்வளவு கொடுத்தீர்கள்? அதில் என்னென்ன இருக்கிறது?” நான் தடுமாறினேன். “இயற்கைப் பொருள்தான்; எங்கள் நாட்டில் காலங்காலமாகக் கொடுப்பது” என்றேன். அவர் கோபப்படவில்லை. “எங்கள் காடுகளில் முளைக்கும் நச்சுக்காளானும் இயற்கைப் பொருள்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு, நச்சுத் தகவல் மையத்துடன் தொலைபேசியில் பேசச் சென்றார். இரண்டு நாள் கண்காணிப்புக்குப் பின் மகள் நலமாக வீடு திரும்பினாள். அந்த இரண்டு நாளும் அம்மா ஒழுங்காக உணவு உண்ணவில்லை. தவறு அவருடையது அன்று. பொறியியல் பட்டம் பெற்றவன், மேடையில் வேம்பின் பெருமை பேசியவன், புட்டியில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டுப் பார்க்காதவன் நான். தவறு என்னுடையது.

இதை எழுதுபவன் மருத்துவன் அல்லன்; வேதியியல் அறிஞனும் அல்லன். கணினித் துறையில் பணிபுரிந்து, சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் தொண்டாற்றும் ஒரு தகப்பன். அந்த இரவுக்குப் பின் தேடிப் படித்ததையும், அதனால் வந்த முடிவையும் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். முடிவு இதுதான்: பெயரும் அளவும் சான்றும் அறியாத பெருமை நம் குழந்தைகளையும் காக்காது, நம் மரங்களின் மீதான உரிமையையும் காக்காது.

மரம் நமக்காக மருந்து செய்யவில்லை

மரத்தால் ஓட முடியாது. தன்னைத் தின்ன வரும் புழுவையும் பூச்சியையும் பூஞ்சையையும் அது நின்ற இடத்திலிருந்தே எதிர்கொள்ள வேண்டும். குளிர்காலம் பூச்சிகளை அடக்கும் வாய்ப்பு இல்லாத வெப்பமண்டலத்தில் இந்தப் போர் ஆண்டு முழுவதும் நடக்கிறது. ஆகவே அங்குள்ள பல மரங்கள் தம் இலையிலும் பட்டையிலும் விதையிலும் வேதிப்பொருள்களைத் தேக்கி வைத்திருக்கின்றன. நாம் மருந்து என்று அழைப்பவற்றுள் பல, உண்மையில் அம்மரங்களின் ஆயுதங்கள்.

எட்டி மரத்தின் கொட்டையில் ஸ்டிரிக்னின் இருக்கிறது. தென் அமெரிக்கச் சின்கோனா மரத்தின் பட்டையில் குயினைன் இருக்கிறது. முன்னது கொடிய நஞ்சு. பின்னது மலேரியாவிலிருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்த மருந்து. 1818 இல் ஸ்டிரிக்னினையும் 1820 இல் குயினைனையும் பிரித்தெடுத்தவர்கள் பெல்லத்தியே, கவான்து என்னும் அதே இரு பிரெஞ்சு வேதியியலாளர்களே. நஞ்சும் மருந்தும் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே கைகளால், ஏறத்தாழ ஒரே முறையில் கண்டறியப்பட்டன என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இயற்கைக்கு நஞ்சு என்றும் மருந்து என்றும் இரு பெட்டகங்கள் இல்லை.

வேம்பின் கசப்புக்குக் காரணம் லிமோனாய்டுகள் என்னும் சேர்மக் குடும்பம். இக்குடும்பத்தைச் சேர்ந்த லிமோனின் எலுமிச்சை, ஆரஞ்சு விதைகளிலும் உண்டு. ஆரஞ்சு விதையை ஒரு குழந்தை தவறிக் கடித்து முகம் சுளித்தால், அது வேம்பின் உறவினரைச் சுவைத்துவிட்டது என்றே பொருள். வேப்பெண்ணெயிலிருந்து இக்கசப்புப் பொருள்களை முதன்முதலாக முறைப்படி பிரித்தெடுத்தவர் சலீமுசமான் சித்திக்கி. 1942 இல் நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்று அவற்றுக்குப் பெயரிட்டார். அவர் தமிழர் அல்லர். உருது பேசிய இந்திய அறிஞர், பின்னாளில் பாகிஸ்தானின் அறிவியல் நிறுவனங்களைக் கட்டியெழுப்பியவர். வேம்பு தமிழருக்கு மட்டும் உரிய மரம் அன்று. தென்னாசியா முழுவதும் அதன் நிழலில் வளர்ந்தது. இதை ஒப்புக்கொள்வதால் நம் பெருமை குறைந்துவிடாது.

வெட்டுக்கிளிகள் தீண்டாத மரம்

1959 இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிப் படையெடுப்பு நிகழ்ந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் எல்லாப் பசுமையும் தின்று தீர்க்கப்பட்ட அந்நிலத்தில், வேப்ப மரங்கள் மட்டும் இலை குறையாமல் நிற்பதை ஹைன்ரிச் ஷ்முட்டரர் என்னும் ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர் கண்டார். வெட்டுக்கிளிகள் அம்மரத்தில் அமர்ந்தன, ஆனால் உண்ணவில்லை. ஏன் என்ற கேள்வியோடு அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை வேம்புக்கே அளித்தார். முதல் அனைத்துலக வேம்பு மாநாடு 1980 இல் நடந்ததும் மியூனிக்குக்குத் தெற்கே, ரோட்டாக்-ஏகர்ன் என்னும் ஏரிக்கரை ஊரில்தான். நம்மில் பலர் கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் அந்த ஏரிக்கும் வேம்புக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

ஷ்முட்டரரின் கேள்விக்கான விடையின் பெயர் அசாடிராக்டின். 1968 இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வர்த், மார்கன் ஆகிய இருவர் வேப்ப விதையிலிருந்து அதைப் பிரித்தனர். விதைச் சாற்றைப் பல கூறுகளாகப் பிரித்து, எந்தக் கூறு இருந்தால் பாலைவன வெட்டுக்கிளி உண்ண மறுக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து அதைக் கண்டுபிடித்தார்கள். அசாடிராக்டின் பூச்சியின் உண்ணும் விருப்பத்தை அடக்குகிறது. அத்துடன், பூச்சி தோலுரித்து வளர்வதற்கு வேண்டிய இயக்குநீரின் சுரப்பையும் குலைக்கிறது. வளர முடியாத புழு, இனம் பெருக்காமலே மடிகிறது.

அந்த மூலக்கூறில் 35 கார்பன், 44 ஹைட்ரஜன், 16 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. அவை எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை உறுதிப்படுத்தவே 1980களின் நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கும் முயற்சியில் ஸ்டீவன் லே தலைமையிலான குழுவினர் 22 ஆண்டுகள் உழைத்து, 2007 இல் கேம்பிரிட்ஜில் வெற்றி கண்டனர். அதற்கு 71 வேதிவினைப் படிகள் தேவைப்பட்டன. இறுதியில் கிடைத்த விளைச்சல் 0.00015 விழுக்காடு. நம் ஊர்த் தெருவோரத்து வேப்ப மரமோ, ஒவ்வொரு கோடையிலும் இதே மூலக்கூறைத் தன் விதைகளில் சத்தமின்றி நிரப்பி, தரையெங்கும் உதிர்த்துவிடுகிறது. மேடையில் சொல்லிக் கைதட்டல் பெற வேண்டிய செய்தி இது. நாம் இதைச் சொல்வதே இல்லை.

அரிசிப் பானையிலும் பருப்புப் பானையிலும் காய்ந்த வேப்பிலையைப் போட்டு வைத்த நம் பாட்டிமார்களும், வயலுக்கு வேப்பம் புண்ணாக்கு இட்ட உழவர்களும் அசாடிராக்டின் என்ற பெயரை அறிந்திருக்கவில்லை. ஆனால் பூச்சி அண்டாது என்னும் விளைவை அறிந்திருந்தார்கள். அவர்களுடைய கவனிப்பும் ஷ்முட்டரரின் கவனிப்பும் ஒரே வகையைச் சேர்ந்தவையே. வேறுபாடு அடுத்த படியில்தான்: ஒருவர் எழுதி வைத்தார், அளந்தார், பிறர் சரிபார்க்கும்படி வெளியிட்டார். மற்றவர்கள் பேத்திக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பேத்தி புலம்பெயர்ந்த பிறகு, சொல்லும் அறுந்துபோனது.

மியூனிக்கில் வென்றது எது?

இப்போது அந்தக் காப்புரிமை வழக்குக்கு வருவோம். அமெரிக்க நிறுவனம் வேப்ப மரத்துக்கே காப்புரிமை வாங்கிவிட்டது என்றும், ஐரோப்பா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்றும் நம்மிடையே ஒரு கதை உலவுகிறது. நானும் அப்படித்தான் மேடையில் பேசினேன். அது சரியன்று.

டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் 1994 இல் வழங்கப்பட்ட அந்தக் காப்புரிமை, வேப்ப விதையிலிருந்து குறிப்பிட்ட முறையில் பிரித்த எண்ணெயைக் கொண்டு பயிர்களின் பூஞ்சை நோயைத் தடுக்கும் முறைக்கானது. மரத்துக்கானது அன்று. அடுத்த ஆண்டே அதை எதிர்த்து மூன்று தரப்பினர் இணைந்து மனுச் செய்தனர்: இந்தியாவின் வந்தனா சிவா நடத்திய ஆய்வு நிறுவனம், ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பசுமைக் கட்சியைச் சேர்ந்த மக்டா ஆல்வூட், இயற்கை வேளாண்மை இயக்கங்களின் அனைத்துலகக் கூட்டமைப்பு. 2000 இல் காப்புரிமை நீக்கப்பட்டது. நிறுவனத்தரப்பின் மேல்முறையீடு 2005 மார்ச் 8 அன்று தள்ளுபடியானது.

இந்த வெற்றியைக் கொணர்ந்தது எது? “எங்கள் முன்னோர்க்குத் தெரியும்” என்ற முழக்கம் மட்டுமா? காப்புரிமைச் சட்டம் முழக்கத்தைக் கேட்பதில்லை. எந்தப் பொருள், எந்த முறையில், எந்த நாளில், யார் பயன்படுத்தினார்கள் என்றே அது கேட்கிறது. அபய் பட்கே என்னும் இந்தியத் தொழில்முனைவர் மியூனிக்குக்கு வந்து, காப்புரிமை விண்ணப்பத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தாம் இதே போன்ற முறையில் வேம்பிலிருந்து சாறு எடுத்ததையும், அது வயல்களில் சோதிக்கப்பட்டதையும் விளக்கிச் சாட்சியம் அளித்தார். தலைமுறை தலைமுறையான நம்பிக்கைக்குப் பின்னே நாளும் இடமும் செய்முறையும் வந்து நின்றபோதுதான் தராசு சாய்ந்தது.

இந்திய அரசும் இப்பாடத்தைக் கற்றது. 2001 இல் தொடங்கப்பட்ட மரபறிவு மின்னணு நூலகம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றுடன் நம் சித்த மருத்துவ நூல்களின் குறிப்புகளையும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் காப்புரிமை ஆய்வாளர்கள் தேடத்தக்க வடிவில் தொகுத்தது. 2009 இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்துக்கு அதனைப் பார்வையிடும் வசதி அளிக்கப்பட்டது. தமிழில் எழுதி வைக்கப்பட்டவை இன்று மியூனிக்கில் சான்றாகின்றன. எழுதப்படாமல் பாட்டியோடு போனவை எந்த அலுவலகத்திலும் சான்றாகா.

அன்பு அளவை அறியாது

குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டிய குடும்பம் எங்களுடையது மட்டும் அன்று. 1981 இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் மலேசிய மருத்துவர்களான டி. சின்னையாவும் ஜி. பாஸ்கரனும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பெற்றோர் நல்லெண்ணத்துடன் வேப்பெண்ணெய் புகட்டிய கைக்குழந்தைகளுக்கு வாந்தி, மயக்க நிலை, மூச்சிரைப்பு, வலிப்பு ஆகியவை ஏற்பட்டதை அவர்கள் பதிவு செய்தனர். சில குழந்தைகள் பிழைக்கவில்லை. ஈரலும் மூளையும் பாதிக்கப்படும் ரை நோய்க்கூட்டத்தை ஒத்த நிலை அது. பின்னர் விலங்குகளில் நடந்த ஆய்வுகள், ஈரல் உயிரணுக்களின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்டிரியாவை அந்த எண்ணெய் தாக்குவதைக் காட்டின.

இக்கட்டுரை வெளிவந்து முப்பது ஆண்டுகள் கழித்தே எங்கள் வீட்டில் அது நடந்தது. மலேசியாவில் கற்ற பாடம் மியூனிக்கில் வாழ்ந்த எனக்கு எட்டவில்லை. ஏன்? வேம்பின் பெருமையைச் சொல்லும் ஏடுகள் நம்மிடம் எத்தனையோ உண்டு. அதன் எல்லையைச் சொல்லும் ஏடுகள் மிகக் குறைவு.

இதனால் நம் மருத்துவ மரபு பயனற்றது என்று யாரேனும் முடிவு கட்டினால் அதுவும் அறியாமையே. சித்த மருத்துவம் எட்டிக்கொட்டையையும் மருந்தாக்கியது. ஆனால் சுத்தி செய்யாமல் கொடுக்கக்கூடாது என்றது. எந்தத் துணைப்பொருளுடன் கொடுப்பது என்பதற்கு அனுபானம் என்றும், உண்ணும் காலத்தில் எதை விலக்குவது என்பதற்குப் பத்தியம் என்றும் சொற்களை வகுத்தது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நம் பழமொழி. மரபு கற்பித்த சுத்தியையும் அளவையும் பத்தியத்தையும் தாயகத்திலேயே விட்டுவிட்டு, புட்டியை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானமேறியவர்கள் நாம்தாம்.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஜெர்மனியில் தோட்டப் பயிர்களுக்கென விற்கப்படும் வேம்புத் தயாரிப்பு ஒன்றின் பெயர் நீம்அசால். லிட்டருக்கு 10 கிராம் அசாடிராக்டின் உள்ளது என்றும், எந்தப் பயிருக்கு எவ்வளவு தெளிக்க வேண்டும் என்றும், தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்றும் அதன் சீட்டில் அச்சிட்டிருப்பார்கள். ரோஜாச் செடிக்குத் தெளிக்கும் புட்டியில் இத்தனை விவரம். என் குழந்தையின் வாயில் ஊற்றிய புட்டியிலோ ஒரு சீட்டுக்கூட இல்லை. இந்த ஒப்பீடு இன்றும் என்னைச் சுடுகிறது.

மீன் குழம்பும் மாத்திரையும்

இளையோரே, இது பாட்டிமார் பற்றிய பேச்சு என்று கடந்துவிடாதீர்கள். உடற்பயிற்சிக் கூடத்து நண்பர்கள் பரிந்துரைக்கும் உடல் இளைக்கும் மாத்திரைகளில் ‘கார்சினியா கம்போஜியா’ என்ற பெயரைக் கண்டிருப்பீர்கள். அது வேறொன்றுமில்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் குடம்புளிதான். இலங்கையில் கொறக்கா என்று சொல்லி மீன் குழம்பில் இடும் அதே புளி.

அப்பழத்தின் தோலிலுள்ள முதன்மை அமிலம் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் என்பதை, 1965 இல் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் லூயிஸ், நீலகண்டன் ஆகிய அறிஞர்கள் கண்டறிந்தனர். அது கொழுப்பு உருவாவதைத் தடுக்கும் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் கூறவே, மாத்திரை வணிகம் பெருகியது. ஆனால் 1998 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வில், 135 பேரை இரு பிரிவாக்கி 12 வாரம் சோதித்துப் பார்த்தபோது, அம்மாத்திரை உண்டவர்களுக்கும் வெறும் போலி மாத்திரை உண்டவர்களுக்கும் எடைக்குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. மறுபுறம், இத்தகைய மாத்திரைகளை உண்டு கல்லீரல் பாதிப்புக்கு ஆளானவர்களைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் 2022 இல் விரிவாக வெளியிட்டனர். சிலருக்கு அவர்களின் மரபணு அமைப்பாலேயே இந்த ஆபத்து கூடுதல் என்றும் அவர்கள் கண்டனர்.

குழம்பில் இடும் இரண்டு சுளைப் புளியும், செறிவூட்டி நாள்தோறும் விழுங்கும் மாத்திரையும் ஒன்றல்ல. “எங்கள் ஊர்ச் சமையல் பொருள்தானே” என்ற நம்பிக்கையை வணிகர்கள் நம்மிடமே விலைக்கு விற்கிறார்கள். மரபின் பெயரால் ஏமாறுவதும் ஏமாற்றமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “வேப்பிலை புற்றுநோயைக் குணமாக்கும் என்று அமெரிக்காவே ஒப்புக்கொண்டது” என்று செய்திகள் நம் கைப்பேசிகளில் சுற்றுகின்றன. உண்மை என்ன? வேப்பிலையில் உள்ள நிம்போலைடு என்னும் லிமோனாய்டு, மார்பகப் புற்றுநோய் உயிரணுக்களில் ஆர்.என்.எஃப். 114 என்னும் புரதத்துடன் பிணைகிறது என்று பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 இல் காட்டினர். அரிய கண்டுபிடிப்புதான். ஆனால் அது ஆய்வுக்கூட உயிரணுக்களில் கண்டது. ஆய்வுக்கூடக் கிண்ணத்திலிருந்து நோயாளியின் கட்டில்வரை உள்ள தொலைவு மிக நீண்டது. அச்செய்தியை நம்பி ஒருவர் தம் சிகிச்சையைக் கைவிட்டால், அதைப் பகிர்ந்த நமக்கும் அதில் பங்குண்டு.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, பெற்றோருக்கு. கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டாதீர்கள். யார் சொன்னாலும் புகட்டாதீர்கள். ஊரிலிருந்து வந்த எண்ணெய், சூரணம், இலைப்பொடி எதுவானாலும், உங்கள் குடும்ப மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கேலி செய்வார்களோ என்னும் கூச்சத்தால் மறைத்துவிடுகிறோம். மருத்துவருக்குத் தெரியாத பொருள்தான் மற்ற மருந்துகளோடு சேர்ந்து தீங்கு செய்யும். ஐயம் எழுந்தால் நச்சுத் தகவல் மையத்தை உடனே அழையுங்கள். புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, தமிழ்ப் பள்ளிகளுக்கு. ஒரு பருவத்துக்கு ஒரு மரம் என்று எடுத்துக்கொள்வோம். வேம்பு, எட்டி, குடம்புளி, சின்கோனா என்று தொடரலாம். தமிழ்ப் பெயர், தாவரவியல் பெயர், எந்த உறுப்பில் எந்தச் சேர்மம் உள்ளது, மனிதரில் நிறுவப்பட்டது எது, ஆய்வுக்கூடத்தோடு நிற்பது எது, தீங்கு எது என்று ஆறு வரிகளை மாணவர்களே தமிழில் எழுதட்டும். எங்கள் பள்ளியில் பத்து மாணவர்களுடன் இதைத் தொடங்கினோம். தமிழ் வகுப்பு என்றாலே முகம் திருப்பிய பிள்ளைகள், லிமோனாய்டு என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்று சண்டையிட்டதைக் கண்டேன். மொழி வாழும் இடம் அதுவல்லவா?

மூன்றாவது, இளையோருக்கு. அடுத்த முறை தாயகத்துக்குச் செல்லும்போது, அல்லது இன்றிரவே தொலைபேசியில், உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். எந்த மரம், எந்த உறுப்பு, எப்போது பறித்தது, எப்படிப் பக்குவப்படுத்தியது, எவ்வளவு, யாருக்கு, யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று கேட்டு, அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதுங்கள். நாளையும் ஊரையும் குறியுங்கள். ‘யாருக்குக் கொடுக்கக்கூடாது’ என்னும் கேள்வியை மறவாதீர்கள். அதற்கான விடைதான் முதலில் மறைந்துபோகிறது. உங்களில் சிலர் வேதியியல், மருந்தியல், சட்டம் பயில்வீர்கள். அந்நாளில் அக்குறிப்பேடு உங்களுக்கு வேண்டியதாகும்.

அம்மாவிடம் நான் அப்படிக் கேட்டேன். அந்த இரவுக்குப் பின் மூன்று ஆண்டுகள் அவர் மருந்துப் பேச்சையே எடுத்ததில்லை. எனது கேள்வி அவரைக் குற்றம் சாட்டுவதாகுமோ என்று அஞ்சினேன். ஆனால் அவர் சொல்லத் தொடங்கியதும் இரண்டு மணி நேரம் நிறுத்தவில்லை. விரல் நுனியளவு என்பது எந்த விரல், எத்தனை மாதக் குழந்தைக்கு, எந்தக் காய்ச்சலில் கூடவே கூடாது என்றெல்லாம் அவர் தம் தாயிடம் கேட்டு வைத்திருந்தார். “இதையெல்லாம் யாரும் கேட்டதில்லையேப்பா” என்றார். அவர் சொன்னவை எல்லாம் அறிவியலின் முன் நிற்குமா என்பது வேறு. நிற்காதவையும் இருக்கும். ஆனால் எழுதி வைத்தால்தானே சோதித்துப் பார்க்க முடியும்?

அன்று சங்கில் வேப்பெண்ணெய் குடித்த மகள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். சென்ற ஆண்டு வேதியியல் வகுப்பில் அவள் அளித்த உரைக்குப் பொருள் அசாடிராக்டின். அதில் பாட்டியின் குறிப்பேட்டிலிருந்து ஒரு பக்கமும், மலேசிய மருத்துவர்களின் எச்சரிக்கையும், மியூனிக் தீர்ப்பும் அடுத்தடுத்து இடம்பெற்றன. உரை முடிந்ததும் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டாராம்: “இதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா?”

அவளுக்குத் தெரிந்திருந்தது.